பெயர் முதலில், பேய் பிறகு

ஆர்.எல். ஸ்டைன் பேய்க்கதை எழுத வந்தவர் அல்ல, சிரிக்க வைக்க வந்தவர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1943-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் வீட்டுப் பரணில் ஒரு பழைய டைப்ரைட்டர் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஜோக் பத்திரிகை தயாரித்தார். கல்லூரியிலும் நகைச்சுவை இதழுக்குத்தான் ஆசிரியர். பிறகு நியூயார்க் போய், குளிர்பானத் தொழிலுக்கான பத்திரிகையில்கூட வேலை பார்த்துவிட்டு, ஸ்காலஸ்டிக் பதிப்பகத்தின் ‘பனானாஸ்’ என்ற நகைச்சுவை இதழை நடத்தினார். ‘ஜோவியல் பாப் ஸ்டைன்’ என்ற பெயரில் ஜோக் புத்தகங்களாக எழுதித் தள்ளினார்.

பேய் மீது ஆசை இல்லாமலும் இல்லை. சிறுவயதில் திகில் காமிக்ஸ் என்றால் உயிர். அம்மாவோ அவற்றை வீட்டுக்குள் விடமாட்டார். முடிவெட்டும் கடையில் அவை கிடக்கும். ஆகவே பையன் சனிக்கிழமை தவறாமல் முடிவெட்டிக்கொள்ளப் போனான். இன்று இருப்பதைவிட அன்று தலையில் முடி குறைவு என்று அவரே கிண்டலடிப்பார்.

‘பனானாஸ்’ நின்றுபோன பிறகு, 1980-களின் நடுவில், ஸ்காலஸ்டிக்கின் ஆசிரியர் ஜீன் ஃபைவெல் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பேச்சைத் தொடங்கினார். பதின்வயதினருக்குத் திகில் நாவல் எழுதிக்கொண்டிருந்த ஒருவரோடு அவருக்கு மனஸ்தாபம். “நீங்கள் எழுதிவிடுங்கள், தலைப்பு ‘பிளைண்ட் டேட்’” என்கிற தோரணையில் கேட்டுவிட்டார். ஸ்டைனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார். நேரே புத்தகக் கடைக்கு ஓடி, மற்றவர்கள் என்னதான் எழுதுகிறார்கள் என்று படித்துப் பார்த்தார். 1986-ல் ‘பிளைண்ட் டேட்’ வெளியாகி நன்றாக விற்றது. பெயரைக் கையில் கொடுத்தால் கதை தானாக வரும் என்பது அன்று பிடிபட்டது. அது முதல் தலைப்பு முதலில், கதை பிறகு என்பதே அவர் வழக்கம். 1989-ல் ‘ஃபியர் ஸ்ட்ரீட்’ வரிசை தொடங்கியது.

அடுத்த யோசனை ஜோன் வாரிச்சா கொடுத்தது. ஸ்டைனின் மனைவி ஜேனும் அவரும் கூட்டாகப் பாராசூட் பிரஸ் நடத்திவந்தார்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் திகில் தொடர் எழுதலாமே என்றார் ஜோன். ஸ்டைன் முதலில் மறுத்தார். கையில் இருக்கும் பதின்வயது வாசகர்களும் போய்விடுவார்களோ என்ற பயம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கினார்: நல்ல தலைப்பு கிடைத்தால் பார்க்கலாம். பிறகு ஒருநாள் ‘டி.வி. கைடு’ இதழைப் புரட்டும்போது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 11-ம் சேனலில் அந்த வாரம் முழுக்கத் திகில் படங்களாம்; ‘கூஸ்பம்ப்ஸ் வாரம்’ என்று போட்டிருந்தார்கள். தலைப்பு அகப்பட்டுவிட்டது.

1992 ஜூலையில் முதல் புத்தகம், ‘வெல்கம் டு டெட் ஹவுஸ்’. சில மாதங்களுக்கு யாரும் சீந்தவில்லை. பிறகு எங்கிருந்தோ விற்பனை கிளம்பியது. பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான்.

ஜோக் எழுதிய கைதான் இதில் வேலை செய்தது என்பேன். ஜோக்குக்கும் திகிலுக்கும் நேரம் பார்த்து அடிக்கத் தெரிய வேண்டும். அத்தியாயத்தின் கடைசி வரியில் யாரோ தோளைத் தொடுவார்கள்; பக்கத்தைப் புரட்டினால் அது தம்பியாக இருக்கும். அப்பாடா என்று மூச்சு விடும்போது நிஜ ஆபத்து வரும். எழுத உட்காரும் முன்பே கதை முழுவதையும் அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்துக்கொள்வார், முடிவு உட்பட. விஷயம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. மகன் சின்னவனாக இருக்கும்போது ஒரு பச்சை ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு, கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டு நின்றான். அப்பா உதவப் போனாரோ இல்லையோ, ‘தி ஹாண்டட் மாஸ்க்’ பிறந்துவிட்டது.

மாதம் ஒன்று என்ற கணக்கில் 1997-க்குள் 62 புத்தகங்கள். இலக்கியத் தரம் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பத்துப் புத்தகம் படித்தவனுக்குப் பதினொன்றாவதன் போக்கு பாதியிலேயே தெரிந்துவிடும். ஆனால் பதினொன்றாவதையும் படித்தார்களே, அது சாதாரணமில்லை. உலகம் முழுவதும் விற்ற பிரதிகள் 40 கோடியைத் தாண்டும். முகமூடி மாட்டிக்கொண்ட அந்த மகன் மட்டும், அப்பாவை வெறுப்பேற்றுவதற்காகவே, ஒன்றைக்கூடப் படிக்கவில்லையாம். ஸ்டைனே சொல்லிச் சிரிப்பார்.