விளக்கடியில் வேதபாடம்

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் காவியமும் அன்று; இலக்கணமும் அன்று. அண்டிரிக் பாதிரியார் ஆக்கி, 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூலே அது. கிறிஸ்தவர் மனனம் செய்யவேண்டிய ஜெபங்களும் அடிப்படைப் போதனைகளுமே அதன் பொருள். நம் மக்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பள்ளிக்கூடங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். பள்ளி வாயில் திறக்குமுன்னரே வீட்டு விளக்கடியில் நடந்த பாடத்தை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்பாடம் தொடங்கிய வகை வியப்புக்குரியது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். இருமொழி அறிந்தோர் துணையால் ஜெபங்களைத் தமிழாக்கி, தாமே மனனம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். கற்ற சிறுவர் வீடு சென்று பெற்றோர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. பிள்ளையே அங்கு ஆசிரியன்.

ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசமோ, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்கவென்றே வினா-விடையாக அமைந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் அதனைத் தமிழில் பெயர்த்தார்.

நம்மவர் கதையில் நெஞ்சைத் தொடுவது மயிலாடியின் நிகழ்ச்சியாகும். அவ்வூர்ச் சாம்பவர் குலத்து மகாராசன் சிதம்பர யாத்திரை சென்றவர்; தஞ்சையில் கோலாப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பியதும் வீட்டாருக்கும் உற்றாருக்கும் தாமே உபதேசம் செய்தார். தாழ்த்தப்பட்டோர் பொதுவழியில் நடக்கவும் தடை இருந்த திருவிதாங்கூர் அது. ரிங்கல்தௌபே பாதிரியார் அங்கு வந்தது 1806-இல். மயிலாடியில் ஆலயம் எழுந்தது 1809-இல். ஆக, ஆலயத்திற்கும் பாதிரியாருக்கும் முன்னதாகவே வீடு பாடசாலையாகிவிட்டது. மிஷனெரிமாரே நமக்கு எல்லாம் தந்தனர் என்போர் இவ்வரிசையை நோக்குவது நலம்.

1876–78 பெரும்பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் சேரிகள் பல கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவம் தழுவின. பகலெல்லாம் வயலில் உழைத்தோர்க்கு உபதேசியார் இரவில்தான் கற்பிக்க முடிந்தது. அவர் ஒரு வரி சொல்ல, தாயும் தகப்பனும் பிள்ளையும் திருப்பிச் சொல்வர். பிள்ளைக்கே முதலில் பாடமாகும். மனப்பாடத்தை இகழ்வோர் உண்டு. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நான் அவ்வாறு இகழமாட்டேன். ஏடில்லா வீட்டில் நினைவே ஏடு. நாவில் ஏறிய பரமண்டல ஜெபத்தை அச்சில் காணும் குழந்தை, ஒலியை எழுத்தோடு தானே பொருத்திக்கொள்கிறது. எழுத்தறியாக் கிழவியோ, பேரன் ஒரு சொல்லை விட்டு வாசித்தால் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். மேலும், பேச்சுத் தமிழன்றி வேறு கேளாத குடிசையில் ஏட்டுத் தமிழின் ஓசையை நாள்தோறும் எழுப்பியது இவ்வேதவாசிப்பேயன்றோ?

எனினும் எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஊழியர் எஜமானுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற போதனையும் அதே ஞானோபதேசத்தில் உண்டு. பண்ணையாளாயிருந்த தகப்பன் அதையும் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சாதி வேற்றுமை திருச்சபைக்குள் ஆகாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது, தஞ்சையில் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையைவிட்டு வெளியேறினர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே ஜெபத்தைத்தான் கற்றிருந்தனர்!

ஆனால் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளையும் ஒன்று. வேலைக்காரனுக்கும் அந்நாளில் ஓய்வு உண்டு என்பது வேதத்திலேயே உள்ளது. ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு வரமாட்டோம் என்று கிறிஸ்தவப் பண்ணையாட்கள் சொல்லத் துணிந்ததும், நிலக்கிழார் சினந்து அடித்ததும், வேலையினின்று நீக்கியதும் பல ஊர்களில் நிகழ்ந்தவை. தகப்பன் ஏன் அன்று வேலைக்குப் போகவில்லை என்று கேட்ட பிள்ளைக்கு விடை முன்னமே மனப்பாடமாயிருந்தது.