உடல், எல்லை, டி.சி.: அமெரிக்கப் பள்ளி விளையாட்டின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

'ஹூப் ட்ரீம்ஸ்' என்கிற ஆவணப்படத்தை நண்பர் ஒருவரின் மாடியறையில் ஆறேழு பேர் சேர்ந்து பார்த்தோம். 1994ல் வெளிவந்த படம். ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கியது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடுகிறது. சிகாகோவின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளைச் சேர்ந்த இரண்டு பையன்கள், வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி. இருவருக்கும் அப்போது 14 வயது. கூடைப்பந்து நன்றாக ஆடுகிறார்கள் என்பதற்காக, நகரை ஒட்டிய புறநகரில் வெள்ளையர் பெரும்பான்மையாகப் படித்த ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரான ஐசையா தாமஸ் அங்கே படித்தவர். பையன்களுக்கு அந்தப் பெயர்தான் தூண்டில்.

படம் முடிந்ததுமே சண்டை தொடங்கிவிட்டது. "பந்தாடத்தானே கூப்பிட்டான், படிக்கவா கூப்பிட்டான்? இது ஆள் பிடிக்கிற வேலை" என்றார் ஒருவர். "நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குதுன்னா போகட்டுமே, அந்தத் தெருவிலேயே கிடந்து சாகணுமா?" என்றார் இன்னொருவர். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வீடு திரும்பினேன். அந்தத் தலையாட்டல் எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு வாதங்களும் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் படித்ததன் விளைவே இந்தக் குறிப்புகள்.

விளையாட்டுக்காக ஒரு மாணவன் பள்ளி மாறலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. பொதுவாக அதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள்: விசுவாசம், பொறுமை, அணி உணர்வு, நேர்மை. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் இது இடம் பற்றிய பிரச்சினை. எந்த உடல் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், அதை யார் தீர்மானிப்பது என்பதே அதன் மையம். 'மாறக்கூடாது' என்று விதி எழுதிய அதே சமூகம், வேறு சிலரை 'மாறியே ஆக வேண்டும்' என்று விரட்டியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் கேள்வி முழுமையாகும்.

முதலில் விதிக்கு உரிய நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு பெரிதும் மாணவர்கள் தாங்களே நடத்திக்கொண்ட ஒன்று. அதில் கள்ள ஆட்டம் மலிந்திருந்தது. வயது கடந்தவர்களும், பள்ளியில் பெயரே இல்லாதவர்களும், ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்களும் மாணவர் என்ற பெயரில் களமிறங்கினார்கள். இதைத் தடுக்கப் பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். மாநிலந்தோறும் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் தோன்றின. 1920ல் இல்லினாய், இண்டியானா, அயோவா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய 5 மாநிலங்களின் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அதுவே பின்னர் தேசியக் கூட்டமைப்பாக வளர்ந்தது. வயது வரம்பு, தேர்ச்சி, வருகைப் பதிவு ஆகியவற்றோடு பள்ளி மாற்றத்துக்கும் விதி வந்தது. பெற்றோர் வீடு மாறாமல் பையன் மட்டும் பள்ளி மாறினால், பொதுவாக ஒரு வருஷம் முதல் அணியில் ஆட முடியாது.

உயர்நிலைப் பள்ளி என்பதே 4 வருஷம். அதில் ஒன்று போனால் கால் பங்கு போயிற்று. கல்லூரி உதவித்தொகை என்பது யாரோ ஒரு பயிற்சியாளர் வந்து பார்ப்பதைப் பொறுத்தது. பார்க்க வருகிற வருஷத்தில் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. ஏழை வீட்டுக்கு இது விளையாட்டு இழப்பு மட்டுமல்ல.

விதியின் மொழியைக் கவனியுங்கள். அது பையனை நேரடியாகப் பேசவில்லை. அவனது வீட்டு முகவரியைப் பேசுகிறது. பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேதான் அவனது கால்கள். ஃபூக்கோ சொன்ன, பயிற்றுவித்துப் பணியவைக்கப்பட்ட உடல் இங்கே கூடுதலாக ஒரு வரைபடத்தின் மீதும் பொருத்தப்படுகிறது. பார்வைக்கு அது நடுநிலையான ஏற்பாடு. எல்லோருக்கும் முகவரி உண்டல்லவா. ஆனால் அமெரிக்காவில் பள்ளி எல்லை என்பது வெறும் கோடு அல்ல. பொதுப் பள்ளிகளின் பணத்தில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. சொத்து அதிகமுள்ள வட்டாரத்தில் பள்ளி பணக்காரப் பள்ளி; இல்லாத வட்டாரத்தில் ஏழைப் பள்ளி. இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரப் பெற்றோர் தொடுத்த வழக்கில், 1973ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த வருஷமே, 1974ல், டெட்ராய்ட் வழக்கு. நகரத்துக் கறுப்பினக் குழந்தைகளையும் புறநகர் வெள்ளையினக் குழந்தைகளையும் கலந்து படிக்கவைக்கப் பள்ளி வட்டாரங்களின் எல்லையைத் தாண்டலாமா? புறநகர் வட்டாரங்கள் தவறு செய்ததாக நிரூபிக்கப்படாதவரை தாண்டக் கூடாது என்றது தீர்ப்பு. அதுவும் 5க்கு 4.

ஆக, கோடு புனிதமாயிற்று. ஆனால் எல்லோருக்குமா? 1925லேயே ஒரேகான் வழக்கில், பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்குக் கோட்டைத் தாண்ட ஒரு கதவு எப்போதும் இருந்தது. வீட்டையே வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் பிரச்சினையில்லை. பெற்றோரும் குடிமாறினால் அநேகமாக விதி வழிவிட்டுவிடும். கோடு தடுத்தது, கையில் திறமை மட்டுமே வைத்திருந்தவனைத்தான்.

இனி வரலாற்றின் மறுபக்கம். இண்டியானா மாநிலத்தின் தலைநகர் இண்டியானாபொலிஸ். கூடைப்பந்தை மதம்போல் கொண்டாடுகிற மாநிலம் அது. 1927ல் அங்கே கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்ற உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. கறுப்பின மாணவர்களுக்கு மட்டுமான பள்ளி. அதற்கு முன் நகரின் பிற உயர்நிலைப் பள்ளிகளில் படித்துவந்த கறுப்பினப் பிள்ளைகளும் இனி இங்கேதான் படிக்க வேண்டும் என்றாயிற்று. வீடு எங்கே, எந்தப் பள்ளி பக்கம் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. பள்ளி மாற்றத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற ஒரு பண்பாடு, நகரம் முழுவதற்குமான ஒரு மாற்றத்தைக் கட்டாயமாக நடத்திமுடித்தது. 1942 வரை மாநில விளையாட்டுச் சங்கம் இந்தப் பள்ளியை உறுப்பினராகவே சேர்த்துக்கொள்ளவில்லை.

1955ல் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய அட்டக்ஸ் அணி மாநிலப் பட்டத்தை வென்றது. இனப் பாகுபாடற்ற மாநிலப் போட்டியொன்றில் முழுக்கக் கறுப்பின மாணவர்களைக் கொண்ட ஒரு பள்ளி அமெரிக்காவில் பட்டம் வென்றது அதுதான் முதல் தடவை. 1956ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடி வென்றார்கள். 1955 வெற்றி ஊர்வலம் நகர மையத்து வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியதோடு சரி. கொண்டாட்டத்துக்குக் கறுப்பினக் குடியிருப்பிலுள்ள பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். ராபர்ட்சன் அதை மறக்கவில்லை. கோப்பை நகரத்துக்கு, ஆட்டக்காரர்கள் அவரவர் எல்லைக்குள்.

டெக்சாஸில் இது இன்னும் வெளிப்படை. மாநிலத்தின் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு வெள்ளையர் பொதுப் பள்ளிகளுக்கு மட்டுமே என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருந்தது. கறுப்பினப் பள்ளிகள் ப்ரெய்ரி வியூ என்ற பெயரில் தனி அமைப்பை 1920லிருந்து நடத்தின. 1960களின் பிற்பகுதியில் கதவு திறந்தது. 1970ல் தனி அமைப்பு கலைந்தது. ஒருங்கிணைப்பு என்று பெயர். ஆனால் தென்மாநிலங்களில் ஒருங்கிணைப்பின்போது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. வேலை இழந்தவர்களும் கறுப்பினத் தலைமையாசிரியர்களும் பயிற்சியாளர்களுமே. மாணவர்கள் தங்கள் பள்ளியின் பெயரையும் நிறத்தையும் பாட்டையும் விட்டுவிட்டு எதிர்ப்பள்ளியின் சீருடையைப் போட்டுக்கொண்டார்கள். அப்போது யாரும் விசுவாசம் பற்றிப் பேசவில்லை.

அதே டெக்சாஸில், விதியின் குருட்டுத்தனத்தை நீதிமன்றம் ஒருமுறை சுட்டிக்காட்டவும் செய்தது. ஒரு குடும்பம் வெர்மான்ட்டிலிருந்து ஆஸ்டினுக்குக் குடிபெயர்கிறது. பையன் கூடைப்பந்து ஆடுகிறவன். பழைய பள்ளியிலும் ஆடியவன் என்பதால் ஒரு வருஷம் தடை. டெக்சாஸில் அப்போது இருந்த விதி பெற்றோர் குடிமாறியதைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை. இவனை யாரும் ஆசை காட்டி இழுக்கவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. 1981ல் மாநில உச்சநீதிமன்றம் இந்த விதியைச் செல்லாது என்றது. ஆள் பிடிப்பதைத் தடுப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் மாறியவர் எல்லோரையும் பிடிபட்டவராகவே கருதுவது நியாயமல்ல என்பது தீர்ப்பின் சாரம். எல்லா மாநிலங்களும் இந்த வழியில் போகவில்லை. 1997ல் ஒரு நீச்சல் மாணவனின் வழக்கில் இண்டியானா உச்சநீதிமன்றம் பள்ளி மாற்ற விதியை ஏற்றுக்கொண்டது.

சரி, மாணவனை விட்டுவிட்டு, ஆள் பிடிக்கிற பெரியவரைத் தண்டித்தால் என்ன? அதற்கும் ஒரு வழக்கு உண்டு. டென்னசியில் நாஷ்வில்லுக்கு அருகிலுள்ள பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளி. அடுத்த ஆண்டு சேரவிருந்த எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு அதன் கால்பந்துப் பயிற்சியாளர் கடிதம் எழுதுகிறார்: வசந்தகாலப் பயிற்சிக்கு வாருங்கள். 'உங்கள் பயிற்சியாளர்' என்று கையொப்பம். இன்னும் பள்ளியில் கால் வைக்காதவனிடம் 'உங்கள்' என்கிற உறவு! 1997ல் மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதமும், 4 வருஷக் கண்காணிப்பும், இரண்டு அணிகளுக்கு 2 வருஷம் இறுதிச்சுற்றுத் தடையும் விதித்தது. வழக்கு இரண்டு முறை தலைநகர் வரை போனது. 2001ல் உச்சநீதிமன்றம், இச்சங்கம் தனியார் மன்றமல்ல, அரசின் கை போலவே செயல்படுவது, ஆகவே அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது என்றது. 2007ல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பயிற்சியாளர்கள் வலை விரிப்பதைத் தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து ஒரு நல்ல பாடம்: விதி போடுகிறவனுக்கும் கடிவாளம் வேண்டும், வலை விரிக்கிறவனுக்கும் கடிவாளம் வேண்டும்.

இந்த இடத்தில் 'எல்லையை உடை, பையனை விடுதலை செய்' என்று முழங்கி முடித்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் கோடு இப்போது உடைந்துகொண்டிருக்கிறது, உடைப்பது விடுதலை இயக்கம் அல்ல. 2016ல் ஃப்ளோரிடா சட்டம், இடமிருக்கிற எந்தப் பொதுப் பள்ளிக்கும் மாணவர் மாறலாம், மாறியதும் ஆடலாம் என்றது. 2023ல் மேற்கு வர்ஜீனியா ஒருமுறை தடையில்லாமல் மாற அனுமதித்தது. அந்தப் பருவத்திலேயே கால்பந்தில் ஒருபக்கச் சரிவான தோல்விகள் பெருகிவிட்டதாகப் புகார் எழுந்தது. கல்லூரி மட்டத்தில் 2021ல் ஒருமுறை மாற்றம், 2024ல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாற்றம். 'தெரிவு' என்ற சொல் எங்கும் கேட்கிறது. சந்தையின் அகராதியிலும் அதே சொல்தான் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் நாலு பேர் போய்விட்ட பள்ளியில் மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்கு என்ன தெரிவு? வந்து சேர்ந்தவனால் அணியில் இடமிழந்த உள்ளூர்ப் பையனுக்கு?

மறுபடியும் படத்துக்கு வருகிறேன். சட்டக் கண்ணில் கேட்ஸும் ஏஜியும் பள்ளி மாறியவர்களே அல்ல. ஒன்பதாம் வகுப்பில் முறையாகச் சேர்ந்தவர்கள். வாசலில் நடந்த ஆள்பிடிப்பு மாற்றமாகக் கணக்கில் வராது. படத்தில் உண்மையான பள்ளி மாற்றம் ஒன்றே ஒன்று. ஏஜியின் வீட்டில் வேலை போய்க் கட்டணம் கட்ட முடியவில்லை. நடுவருஷத்தில் வெளியேறி, நகரத்து மார்ஷல் பள்ளிக்குப் போகிறான். கேட்ஸுக்கோ கட்டணம் கட்ட வசதியுள்ள ஒரு புரவலர் கிடைக்கிறார். ஏஜி எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் ஆடவில்லை, கேட்ஸ் ஆடினான். வித்தியாசம் அவ்வளவுதான். பாக்கிக் கட்டணத்துக்காக ஏஜியின் மதிப்பெண் பதிவுகளைப் பழைய பள்ளி கொடுக்காமல் வைத்திருக்கிறது. அதைக் கட்டி முடிக்காமல் அவன் பட்டம் பெற முடியாது. இல்லாத வீட்டிலிருந்து பெற்றோர் பணம் திரட்டிக்கொண்டு போகிறார்கள். நம் மொழியில் சொன்னால், டி.சி.யைப் பிடித்துவைத்துக்கொள்கிற கதை. அவன் சேர்ந்த மார்ஷல் அணி 1991ல் மாநிலத்தில் மூன்றாம் இடம் வந்தது.

அந்த மாடியறையில் நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். மாணவன் மாறலாம். அவனுக்கு எதற்கு மாறுகிறான் என்று காரணம் கேட்பது, பாட்டுக்கோ கணக்குக்கோ மாறுகிறவனிடம் கேட்காத ஒன்று. ஆனால் அழைக்கிற பள்ளிக்கு ஒரு விலை இருக்க வேண்டும். முழங்கால் போனாலும், ஃபார்ம் போனாலும், அப்பனுக்கு வேலை போனாலும், அழைத்த பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை வைத்துப் படிக்கவைக்கிற கடமைதான் அந்த விலை. நூறு வருஷமாக எழுதப்பட்ட விதிகள் பையன் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும் என்று சொல்லின. அவனை அழைத்தவர் எத்தனை வருஷம் உடன் நிற்க வேண்டும் என்று நான் படித்த எந்த விதியும் சொல்லவில்லை.