இன்மை, அன்மை, அற்றமை

பாடசாலை வரவு இடாப்பிலும் தோட்டத்துச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டிலும் ‘ஆப்சன்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. காய்ச்சலில் படுத்த பிள்ளை, ஊருக்குப் போன பிள்ளை, படிப்பையே விட்டுவிட்ட பிள்ளை மூவருக்கும் அந்த ஒரே சொல்தான். தமிழ் மரபோ ஒரு பொருள் இல்லை என்றால், எந்த வகையில் இல்லை என்று கேட்கும். முன்னோர் இன்மையை எத்துணை நுட்பமாக எண்ணினர் என்பதே இங்குப் பொருள்.

இலக்கணமும் தருக்கமும்

தொல்காப்பியர் வினையியலில் குறிப்புவினைகளைச் சொல்லும்போது அன்மையையும் இன்மையையும் தனித்தனியே வைத்தார். இறப்பர்ப் பால் சேர்க்கும் வாளியில் மழைநீர் நிற்கிறது என்றால் ‘இது பால் அன்று’. வாளி வெறுமையாகக் கிடந்தால் ‘பால் இல்லை’. முன்னது பொருளின் தன்மையை மறுப்பது. பின்னது பொருளின் இருப்பையே மறுப்பது. இன்றைய பேச்சில் ‘இல்லை’ இரண்டுக்கும் ஆகிவந்தாலும், எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காப்பது நம் கடமை. பவணந்தி முனிவர் நன்னூலில் வேறு, இல்லை, உண்டு என்னும் மூன்றையும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக்கினார். நான் இல்லை, அவர்கள் இல்லை, மழை இல்லை என்று எங்கும் உருமாறாமல் நிற்கிறது அச்சொல்.

இன்மையை அறிவதும் ஓர் அறிவே என்பது நம் தத்துவ மரபு. மணிமேகலையின் 27ஆம் காதை அடுக்கும் பத்து அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், இன்மையாகிய ‘அபாவம்’ ஒன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதனை அளவைகளோடு எண்ணி, பின் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிக் காட்டினார். தருக்க சங்கிரகம் என்னும் வடமொழி நூலைத் தமிழில் தந்த பெருமை சிவஞான முனிவருக்கு உரியது. தருக்க நூலார் அபாவத்தை நான்காகப் பகுப்பர். நட்டு ஆறேழு ஆண்டு ஆகாத இறப்பர்க் கன்றில் பால் இல்லாதது முன்னபாவம். வெட்டி ஓய்ந்த கிழமரத்தில் பால் இல்லாதது அழிவுபாட்டு அபாவம். கருங்கல்லில் எக்காலத்தும் பால் இல்லாதது முழுதும் அபாவம். இறப்பர் மரம் தேயிலைச் செடி ஆகாதது ஒன்றினொன்று அபாவம். தொல்காப்பியர் சொன்ன அன்மை இதுவே.

வள்ளுவர் கண்ட இன்மை

திருவள்ளுவர் ‘நல்குரவு’ என்னும் 105ஆம் அதிகாரத்தில் வறுமைக்கு நிகரான துன்பம் வறுமையைத் தவிர வேறில்லை என்றார். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. புல்லறிவாண்மையில், அறிவு இல்லாமையே இல்லாமைகளுள் கொடியது, மற்றவற்றை உலகம் பொருட்படுத்தாது என்கிறார். பொறையுடைமையில், விருந்தினரை ஏற்காது விடுவதே வறுமைக்குள் வறுமை என்கிறார். கொடுங்கோன்மையில் ஒரு படி மேலே போய், முறைசெய்யாத மன்னன் கீழ் வாழ்வோருக்கு ஏழ்மையைவிடச் செல்வமே துன்பம் என்கிறார். சான்றாண்மையில் ஆறுதலும் தருகிறார்: சால்பு என்னும் உறுதி இருக்குமானால் வறுமை ஒருவருக்கு இழிவன்று. மலைநாட்டு மக்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டிய குறள் இது.

அவர் வகுத்த அதிகாரப் பெயர்களையும் பாருங்கள். கள்ளாமை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை ஆகிய நான்கிலும் ஒன்றைச் செய்யாதிருப்பதே அறமாகிறது. கல்லாமையிலோ செய்யாதிருப்பதே குற்றம். குறளின் கடவுள் வாழ்த்தில் வரும் எண்குணத்தான் என்னும் சொல்லுக்கு உரை கண்ட பரிமேலழகர், இறைவனுக்கு முடிவிலா ஆற்றலும் வரம்பில்லா இன்பமும் உண்டென்றார். எல்லையின்மையைச் சொல்லித்தான் இறைவனின் நிறைவைச் சொல்ல முடிகிறது. சைவப் பெருமக்கள் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

அற்றவர் யார்?

‘இல்லை’ காலம் காட்டாது. ‘அற்றது’ இறந்தகாலம் காட்டும். அதன் பகுதி ‘அறு’. எனவே அற்றது எதுவோ அது முன்பு இருந்தது, பின் அறுந்தது. இன்று இரண்டையும் ஒன்றுபோல வழங்கினாலும் பகுதி தன் பொருளை விட்டுவிடவில்லை. பற்றைத் தாமே அறுத்தவர் பற்றற்றவர். நாட்டுரிமை பிறரால் அறுக்கப்பட்டவர் நாடற்றவர்.

1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கைப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் நூலுக்கு ‘நாடற்றவர் கதை’ என்றே பெயர் வைத்தார். அந்தத் தேர்தலில் வாக்களித்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அறுத்தது. 1964 ஒக்டோபர் 30இல் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்க உடன்பட்டன. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை பலர் அந்நிலையிலேயே காத்திருந்தனர். இம்மக்களை ‘நாடு இல்லாதவர்’ என்றால் பிறவியிலேயே அப்படி என்று ஆகிவிடும். ‘நாடற்றவர்’ என்ற சொல்லோ, அறுத்த கை ஒன்று உண்டு என்பதையும் உடன் சொல்கிறது.

தோட்டத்து வழக்கு

தோட்டப் பேச்சும் இன்மையைத் தன் வழியில் சொல்லும். மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு நடக்காது. அன்று ‘வேலை இல்ல, பேர் இல்ல’. பாதி நாள் வேலைக்கு ‘அரைப்பேர்’. பேர் என்பது கூலியையே குறிக்கும் இவ்வழக்கு பேரகராதிகள் தேடி வந்து சேர்க்க வேண்டிய செல்வம். எம் ஆசிரியப் பெருமக்கள் இத்தகைய சொற்களை மாணவர்களைக் கொண்டு தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளாகிய லயங்களில், லயம் லயமாகக் கேட்டுத் தொகுக்க வேண்டும். பிரட்டு என்னும் காலை அணிவகுப்புக்கு நின்ற மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குக. தொகுத்ததை அச்சேற்றும் பொறுப்பை இளைஞர் ஏற்பார்களாக.