பார்ப்போர்க்கு எழுப்பிய அரங்கம்

திப்ரூகருக்குச் செல்லும் வழியில் சிமலுகுரி சந்திப்பில் இறங்கி, சிவசாகரில் ஒரு பகற்பொழுது தங்கினோம். இரயில்வே பாஸ் கையில் இருக்க, வழியிலுள்ள ஊரைப் பாராமற் போவது எங்கள் குடும்ப வழக்கமன்று. சிவன் கோயிலையும் பெருங்குளத்தையும் கண்டு வணங்கியபின், நகர்ப்புறத்தே நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் ‘ரங் கர்’ என்னும் அரசர் கேளிக்கை மாளிகையை அடைந்தோம்.

1228 முதல் 1826 வரை அசாமில் அரசோச்சிய ஆஹோம் மன்னர்களின் பிற்காலத் தலைநகரான ரங்கபுரம் இங்கேதான் இருந்தது. முன்னர் மரமும் மூங்கிலுமாக இருந்த இம்மனையை, 1744 முதல் 1751 வரை ஆண்ட பிரமத்த சிங்கர் செங்கல்லால் எழுப்பினார். இரண்டு தளங்கள், ஏறக்குறைய 27 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம். கூரை, கவிழ்த்து வைத்த ஓடம் போல் வளைந்திருக்கிறது. சுண்ணாம்போடு அரிசியும் உளுந்தும் வாத்து முட்டையும் சேர்த்து அரைத்த சாந்தால் கட்டியது என்பர். முட்டையை நீக்கினால் இட்லி மாவுதானே என்றார் எம் இல்லத்தரசியார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடுவோர் நிற்கும் மேடைக்கே கோல்கொண்டு அளவு கூறுகிறது. இங்கோ முறை தலைகீழ். மாளிகை முழுவதும் பார்ப்போர்க்கு. ஆடுகளம் எதிரேயுள்ள வெறும் வெளி. ரங்காலி பிஹு நாட்களில் எருமைப் போரும் யானைப் போரும் மற்போரும் கீழே நடக்க, மேல்தளத்து வளைவுகளினூடே மன்னரும் பிரதானிகளும் அமர்ந்து கண்டு களித்தனர்.

ஆனால் அக்களிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மோரான் குடிகள் அரசுக்கு யானை பிடித்துத் தருவோர். அவர்தம் தலைவர் நாஹர், யானைகளோடு தலைநகர் வந்தபோது, அமைச்சர் கீர்த்திசந்திர பர்பருவாவின் ஆணையால் அடியுண்டு அவமதிக்கப்பட்டார். 1769-இல் மோரான்கள் திரண்டெழுந்து ரங்கபுரத்தையே கைப்பற்றினர். பிரமத்த சிங்கரின் தம்பி இலட்சுமி சிங்கர் அரியணை ஏறிய ஆண்டிலேயே சிறைப்பட்டார். நாஹரின் மகன் இரமாகாந்தர் அரசராக, ஆட்சியை நடத்தியவர் ராகா என்னும் வீரர்.

1770 ஏப்ரலில் மீண்டும் பிஹு வந்தது. ஹுசரிப் பாட்டுக் குழுவினர் ராகாவின் முற்றத்தில் ஆடினர். அவர்கள் பழைய அரசின் ஆட்கள். ராகா கவர்ந்து வைத்திருந்த மணிப்பூர் இளவரசி குரங்கநயனியே முதல் வெட்டு வெட்டினார் என்பது அசாமியர் மரபு. பெயரைக் கேட்டு எம் பிள்ளைகள் சிரித்தனர். வடமொழியில் குரங்கம் என்றால் மான், மான்விழியாள் என்பதே பொருள் என்று விளக்கினோம். ராகா மாண்டார். இலட்சுமி சிங்கர் அரியணை மீண்டார். எனினும் கிளர்ச்சி 1805 வரை ஓயவில்லை. நலிந்த நாட்டில் பர்மியர் புகுந்தனர். 1826-இல் யாந்தபு உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆண்டுதோறும் பிஹுவுக்கு நம் காலனி வாயிலிலும் ஹுசரிக் குழுவினர் வந்து பாடுகின்றனர். நாமும் வெற்றிலை பாக்கு வைத்து வரவேற்கிறோம். அந்தப் பாட்டுக்கு இப்படியொரு நாளும் இருந்ததை, இத்தனை ஆண்டு அசாமில் சம்பளம் வாங்கியும் அறியாதிருந்தோம்.

வந்தவரெல்லாம் மாளிகையின் அருகிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு சென்றனர். எங்களுக்கோ களத்தின் நடுவே சென்று, யானையோடு வந்தவர் நின்றிருக்கக்கூடிய பக்கத்திலிருந்து அம்மாடத்தை நோக்கத் தோன்றியது. அங்கிருந்து காண, கவிழ்ந்த ஓடம் பெரிதாகவே தெரிந்தது. மாலை வண்டிக்கு நேரமாகவே, சிமலுகுரிக்குத் திரும்பினோம்.