மொட்டை மாடியிலிருந்து டிவிக்குப் பின்னால்: நம்ம ஊருக்குப் படம் வந்த கதை



பி.காம் படிக்கிறவனுக்கு டிஷ் ஆன்டெனாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. போன வருஷம் ஆனி மாத மழையில் எங்க அப்பா மாடியில் டிஷ்ஷைத் திருப்பப் போய், பாசியில் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. எதற்காக மேலே போனார்? ஆசையாக வாங்கிய 43 இன்ச் ஹெச்டி டிவியில் படம் மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக.

கடைசியில் பார்த்தால் கோளாறு மாடியிலேயே இல்லை! அது எங்கே இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், படம் சரியில்லை என்றதும் ஒரு மனுஷனுக்கு ஏன் மாடி ஞாபகம் வருகிறது? அதற்குப் பின்னால் நாற்பது வருஷத்து வரலாறு இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

கடல் தாண்டி வந்த படம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் அது சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தான். இராஜாக்கமங்கலம் எங்கே, சென்னை எங்கே? தரையில் நிற்கும் கோபுரத்தின் அலை நேர்கோட்டில் போகும், பூமி வளைந்திருப்பதால் கொஞ்ச தூரத்தில் நம் தலைக்கு மேலே போய்விடும்.

1982 பிப்ரவரி 15-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. அதன் முக்கிய டிரான்ஸ்மிட்டர் இருப்பது அந்த நாட்டின் மிக உயரமான மலையான பீதுருதாலகாலையில், 2,524 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து எங்க ஊர் கடற்கரைக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நடுவில் பெரும்பாலும் கடல். கடலுக்கு மேலே காற்று அடுக்குகள் சில நேரம் அலையை வளைத்துக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கடலோரங்களில் உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் மாட்டி, ரூபவாகினி பார்த்தார்கள். இந்தியாவில் கலர் ஒளிபரப்பு தொடங்கியதே 1982 ஆகஸ்ட் 15-ல்தான். கடலுக்கு அப்பால் அதற்கு ஆறு மாதம் முன்பே கலர்!

தாத்தா சொல்லுவார். ஒருத்தர் மாடியில் கம்பத்தைத் திருப்ப வேண்டும். ஒருத்தர் ஜன்னலில் நிற்க வேண்டும். "வந்துட்டா?" "இல்ல, போயிட்டு... ஆங், இப்ப வருது, விடாத மக்ளே, அப்படியே பிடி!" பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் படம் பார்க்க முடியாது என்பதுதான் இதில் சோகம். அப்பாதான் அந்த ஆள்.

1985 முதல் திருவனந்தபுரம் தூர்தர்ஷனும் மலையாளத்தில் வந்தது. அது எங்களுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர்தான். ஆக ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால் இலங்கை, வடமேற்கே திருப்பினால் கேரளம். தமிழ்நாட்டுக்காரர்கள் நாங்கள் நடுவில் :-)

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அது அனலாக் காலம். ஆன்டெனாவை ஒரு விரல்கடை திருப்பினால் அந்த அளவுக்குப் புள்ளி குறையும், இன்னொரு விரல்கடை திருப்பினால் இன்னும் தெளியும். திருப்பத் திருப்ப படம் நன்றாகும் என்று அப்பா மனதில் பதிந்தது அப்போதுதான். அன்றைக்கு அது முழு உண்மை.

வானத்தில் ஒரு கோபுரம்

கோபுரம் எட்டாத ஊருக்கு என்ன வழி? கோபுரத்தை வானத்தில் வைப்பது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றும். கீழே இருக்கிற நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும்.

இந்தியாவில் இதற்கு முதல் பெரிய சோதனை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த 'சைட்' திட்டம். நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இஸ்ரோ ஒரு வருஷத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கிராமத்தில் வைத்த ஆன்டெனா எதில் செய்தது தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலை! மூன்று மீட்டர் அகலக் குடை. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

1983 ஆகஸ்ட் 30-ல் இன்சாட்-1பி சாலஞ்சர் விண்கலத்தில் ஏறிப் போனது. அடுத்த வருஷமே நாடு முழுக்கச் சிறிய டிரான்ஸ்மிட்டர்களை மளமளவென்று நிறுவினார்கள். டெல்லியிலிருந்து வானத்துக்குப் போய், அங்கிருந்து அந்தந்த ஊர் டிரான்ஸ்மிட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு வந்தது படம். வீட்டில் மட்டும் அதே பழைய ஆன்டெனா, அதே பூஸ்டர்.

கேபிள்காரர் காலம்

1990 ஏப்ரலில் ஏசியாசாட்-1 ஏவப்பட்டது. இதற்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. 1984-ல் வெஸ்டார்-6 என்ற பெயரில் ஏவியபோது அது தவறான சுற்றுப்பாதையில் போய்விட்டது. அந்த வருஷம் நவம்பரில் விண்கலத்தில் போன வீரர்கள் அதைப் பிடித்துப் பூமிக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து விற்றதுதான் ஏசியாசாட்-1. செகண்ட் ஹாண்ட் செயற்கைக்கோள்!

1991-ல் ஸ்டார் டிவி அதிலிருந்து ஒளிபரப்பானது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. இவையெல்லாம் சி-பேண்ட் அலைவரிசை. அதைப் பிடிக்க எட்டு அடி, பத்து அடி குடை வேண்டும். வீட்டுக்கு வீடு வைக்க முடியாது. அதனால் ஊருக்கு ஒருவர் குடை வைத்து, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் ஒயர் இழுத்து வீடுகளுக்குக் கொடுத்தார். கேபிள்காரர் பிறந்தார். 1995-ல் இதற்கென்று சட்டமும் வந்தது.

இப்போது கோளாறு வீட்டு மாடியை விட்டு ஒயருக்குப் போனது. தூரம் போகப் போக சிக்னல் குறையும். நடுநடுவே ஆம்ப்ளிஃபையர் வைப்பார்கள். அது படத்தோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். குடைக்குப் பக்கத்து வீட்டில் பளிச்சென்று தெரியும் சேனல், ஊர்க்கோடியில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். காசு மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 இன்ச் பெட்டி. எங்கள் வீட்டுப் பெட்டி இப்போதும் பரணில் இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள், கதையில் திரும்ப வரும்.

சின்னக் குடை, புது விதி

வீட்டுக்கே நேராக வரும் டிடிஹெச் சேவைக்கு 2000 நவம்பரில்தான் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. 2003-ல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிடிஹெச், 2006-ல் டாடா ஸ்கை (2022 முதல் டாடா ப்ளே), அதன் பின் சன் டைரக்ட், ஏர்டெல் என்று வரிசையாக வந்தன. இவை கே.யு. பேண்ட் அலைவரிசை. அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் இரண்டடிக் குடை போதும். ஆனால் கனமழை அந்த அலையை விழுங்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற நம்ம மாவட்டத்தில் இது வருஷத்தில் இரண்டு சீசன் தொல்லை.

இதில் பெரிய மாற்றம் குடையின் அளவு இல்லை. படம் டிஜிட்டல் ஆனதுதான். அதாவது படம் எண்களாக வருகிறது. எண்களில் சிறு பிழை வந்தால் பெட்டியே திருத்திக்கொள்ளும். சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலே இருந்தால் படம் முழுமை. அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், உறையும், அப்புறம் 'சிக்னல் இல்லை' என்று வரும். 'கொஞ்சம் மங்கல்' என்ற நடுநிலையே கிடையாது.

இதை இன்னொரு முறை படியுங்கள். டிஜிட்டலில் படம் உடையாமல், ஆனால் மங்கலாக வந்தால், அதற்கு டிஷ் காரணமாக இருக்க முடியாது. டிஷ் சரியாகத் திரும்பியிருந்தால் மழை நேரத்தில் கொஞ்சம் கூடத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். வெயில் நாளில் அதைத் திருப்பிப் படத்தைக் கூர்மையாக்க முடியாது.

டிஷ்ஷைத் திருப்ப வேண்டி வந்த நாளும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி-யில் மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைத்தார்கள். சன் டைரக்ட் 93.5 டிகிரியிலிருந்து 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3-க்கு மாற வேண்டி வந்தது. அப்போது மாடி ஏறியது நியாயம்.

ஹெச்டி வந்தது

ஹெச்டி யோசனை பழையது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு ஜப்பானின் என்ஹெச்கே ஆராய்ச்சி தொடங்கியது. 1989-ல் செயற்கைக்கோள் வழியாகத் தினசரி சோதனை ஒளிபரப்பே நடத்தினார்கள், அதுவும் அனலாக்கில். இந்தியாவில் 2010-ல் டிடிஹெச்சில் ஹெச்டி வந்தது. அந்த அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகளும் ஹெச்டியில் ஒளிபரப்பாயின. 2011 டிசம்பரில் சன் டிவி ஹெச்டி வந்தது.

கணக்கு எளிது. சாதாரண எஸ்டி படம் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு ஹெச்டி 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. எஸ்டி படத்தைப் பெரிய ஹெச்டி டிவியில் போட்டால் மிச்சப் புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். அதனால்தான் 14 இன்ச் பெட்டியில் அழகாகத் தெரிந்த அதே சேனல் 43 இன்ச்சில் கஞ்சி மாதிரி தெரிகிறது.

விலையிலும் வித்தியாசம் உண்டு. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த டிராய் கட்டண விதியில் ஒரு ஹெச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்கிட்டார்கள். ஆக ஹெச்டிக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம். வாங்குகிறோமா?

எங்கள் வீட்டுக் கோளாறு

அப்பாவுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த மறுநாள், நான் டிவியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்! பரணில் இருக்கிற இலவச டிவிக்கு மாட்டியிருந்த அதே ஒயர். ஹெச்டி பெட்டி வைக்க வந்தவர் இருந்ததையே எடுத்துச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மஞ்சள் ஒயருக்கு ஹெச்டி தெரியாது. வானத்திலிருந்து 36,000 கிலோமீட்டர் தாண்டி வந்த இருபது லட்சம் புள்ளியும், கடைசி மூன்றடியில் நாலு லட்சமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

ஹெச்டிக்காக மாதம் 90 ரூபாய் கூடுதல், 26 மாதம், மொத்தம் 2,340 ரூபாய். கணக்குப் பதிவியல் பாஷையில் சொன்னால் செலவு எழுதியாச்சு, சரக்கு வந்து சேரவில்லை. ஹெச்டிஎம்ஐ ஒயர் விலை 150 ரூபாய். அப்பா காலுக்கு ஆன செலவை எழுத மனமில்லை.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். நான் பார்த்த வரிசை இதுதான்:

முதலில் ஒயர். பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறதா?

இரண்டாவது, பெட்டியின் செட்டிங்கில் படத்தின் அளவு 1080 என்றும், வடிவம் 16:9 என்றும் இருக்கிறதா? எங்கள் பெட்டியில் 576, 4:3 என்று இருந்தது. எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். டிவியே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

மூன்றாவது, பார்ப்பது ஹெச்டி சேனல்தானா? ஒரே சேனலுக்கு எஸ்டி எண் வேறு, ஹெச்டி எண் வேறு. பாட்டி பழைய எண்ணைத்தான் அழுத்துவார்.

நான்காவது, டிவியின் பட அமைப்பு. கடையில் பளபளப்பதற்காக வைத்த 'விவிட்' மோடை மாற்றி 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு' வையுங்கள். ஷார்ப்னஸ்ஸைக் குறையுங்கள். அது புதிதாக எதையும் காட்டாது, விளிம்பில் வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான்.

ஐந்தாவது, ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டால் படத்தை அப்படியே காட்டும் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்'டைத் தேடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, படம் கட்டம் கட்டமாக உடைந்தால் மட்டும் டிஷ். அதுவும் மழை விட்ட பிறகு. உப்புக் காற்றில் எங்க ஊரில் டிஷ்ஷின் போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஆள் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஒயரை மாற்றி அன்றைக்கு ராத்திரி டிவியைப் போட்டேன். அப்பா காலைத் தலையணையில் நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் கேட்டார், "எப்ப மக்ளே மாடிக்குப் போன? நல்லாத் திருப்பிருக்கியே."

நாற்பது வருஷப் பழக்கம், ஒரு ஒயரில் போய்விடுமா? இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால்.