நிறுத்தியே வைத்திருக்கும் கார்: வாரம் 10 நிமிடம் என்ஜினை ஓடவிட்டால் பேட்டரி பிழைக்குமா?

புதுடெல்லி: தலைநகரில் குளிர்காலக் காற்று மாசு கடுமையாகும்போது 'கிராப்' எனப்படும் படிநிலைச் செயல்திட்டத்தின் 3-ம் நிலை அமலுக்கு வருகிறது. அப்போது பிஎஸ்-3 பெட்ரோல் கார்களையும் பிஎஸ்-4 டீசல் கார்களையும் சாலையில் இயக்கத் தடை விதிக்கப்படுகிறது. தடை நீங்கும் வரை அவை வீட்டு வாசலிலேயே நிற்கின்றன. மற்ற பெருநகரங்களில் காரணங்கள் வேறு. மெட்ரோ ரயில், வீட்டிலிருந்தபடியே அலுவலகப் பணி, வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக விட்டுச்சென்ற வாகனம் என, மாதத்திற்கு ஓரிரு முறை மட்டுமே நகரும் கார்கள் அடுக்ககங்களின் தரைத்தளங்களில் ஏராளம்.

இத்தகைய கார்களில் முதலில் செயலிழப்பது பேட்டரி. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய பொது முடக்கத்தின்போது பலரும் இதை நேரில் கண்டனர். புதிய பேட்டரிக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய் மட்டுமே இதில் இழப்பு அன்று. முதியவர் ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நேரத்தில், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசை மட்டும் எழுவது அதைவிடப் பெரிய இடர்.

இதற்குத் தீர்வாகப் பெரும்பாலானோர் கடைப்பிடிப்பது, வாரத்திற்கு ஒருமுறை காரை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓடவிடுவதாகும். இந்தப் பழக்கம் போதுமானதா என்பதை எளிய கணக்கு ஒன்றின் மூலமே அறியலாம்.

வரவு இரண்டு, செலவு ஐந்து

பூட்டி நிறுத்திய காரும் மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. திருட்டுத் தடுப்பு அலாரம், ரிமோட் சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவி, கடிகாரம், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம் ஆகியவை உறங்குவதில்லை. இவை அனைத்தும் சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொள்கின்றன. பின்னர் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவியோ, நிறுத்தியபோதும் பதிவு செய்யும் டேஷ் கேமராவோ இருந்தால் செலவு இன்னும் கூடும்.

சிறிய பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி உள்ளது. மறைமுகச் செலவு 30 மில்லி ஆம்பியர். அப்படியெனில் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, வாரத்திற்குச் சுமார் 5 ஆம்பியர்-மணி குறைகிறது. ஒரு மாதத்தில் இருப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். எந்தக் கருவியும் இணைக்கப்படாத நிலையிலும் பேட்டரி தானாக இழக்கும் மின்னூட்டம் இதில் சேரவில்லை. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடுந்தோறும் அந்தத் தன்னிழப்பு இரு மடங்காகும் என்பதால், வட இந்தியக் கோடையில் வெயிலில் நிற்கும் காருக்குப் பாதிப்பு அதிகம்.

இனி வரவைப் பார்ப்போம். கார் நின்ற நிலையில் என்ஜின் மெதுவாகவே சுழல்கிறது. ஆல்டர்னேட்டர் அப்போது தன் முழுத் திறனில் ஒரு பகுதியை மட்டுமே தருகிறது. எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர்கள், ரேடியேட்டர் விசிறி ஆகியவற்றுக்குப் போக எஞ்சுவதே பேட்டரிக்கு வந்து சேரும். அது 12 ஆம்பியர் எனத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 10 நிமிடத்தில் கிடைப்பது 2 ஆம்பியர்-மணி. ஏசியையும் முகப்பு விளக்கையும் போட்டுவிட்டு அமர்ந்திருந்தால் அதுவும் கிடைக்காது.

என்ஜினைக் கிளப்புவதற்கே மின்சாரம் முழுவதும் செலவாகிவிடுகிறது என்ற கருத்தும் பரவலாக உள்ளது. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் அளவுக்கு இழுத்தாலும், அது இயங்குவது ஓரிரு வினாடிகளே. ஆகவே ஒரு முறை கிளப்ப 0.1 ஆம்பியர்-மணி கூடத் தேவைப்படுவதில்லை. பேட்டரியைக் காலி செய்வது ஸ்டார்ட்டர் அன்று. கார் சும்மா நின்ற நாட்கள்தாம். வாரந்தோறும் ஐந்து ரூபாய் எடுத்து இரண்டு ரூபாய் மட்டும் போடும் சேமிப்புக் கணக்கு எத்தனை வாரம் தாங்கும்?

பாதி மின்னூட்டத்தில் நெடுநாள் கிடக்கும் ஈய-அமில பேட்டரிக்கு மற்றொரு கேடும் நேர்கிறது. மின்னிறக்கத்தின்போது தகடுகளில் உருவாகும் ஈய சல்பேட், உடனே சார்ஜ் செய்தால் மீண்டும் கரைந்துவிடும். நாட்கணக்கில் விட்டுவிட்டால் கெட்டிப் படிகமாகிறது. அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை.

மூடிய இடத்தில் உயிராபத்து

மூடிய கொட்டகையில் காரை ஓடவிடுவது உயிரையே பறிக்கக்கூடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும் தொடக்க நிமிடங்களில், புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றி உரிய சூட்டை எட்டாததால், இந்த வாயு கூடுதலாக வெளியேறும். வீட்டை ஒட்டிய கொட்டகையாக இருந்தால் வெளிக்கதவைத் திறந்து வைப்பது மட்டும் பாதுகாப்பாகாது. காரை வெளியே எடுத்துவிட வேண்டும்.

அப்படி வெளியே எடுத்த காரைச் சற்றுத் தொலைவு ஓட்டிவிட்டு வருவதே சிறந்தது. வாரம் ஒருமுறை, நெரிசல் இல்லாத சாலையில் 30 முதல் 45 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால், மேற்கண்ட காருக்கு அந்த வார இழப்பு ஈடாகும். பிரேக், டயர், என்ஜின் ஆயில் ஆகியவற்றுக்கும் இது நல்லது.

ஓட்ட இயலாதவர்களுக்கு

முதுமை, பயணம், வாகனத் தடை ஆகியவற்றால் ஓட்ட முடியாதவர்களுக்கு இரு வழிகள் உள்ளன. காருக்கு அருகில் மின் இணைப்பு இருந்தால், பேட்டரி நிரம்பியதும் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் 'ஸ்மார்ட் சார்ஜர்' பொருத்தமானது. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3 அல்லது 4 ஆம்பியர் சார்ஜர் போதும். சிக்னலில் தானாக என்ஜின் அணையும் வகைக் கார்களில் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரி இருக்கும். அதற்குரிய அமைப்பு சார்ஜரில் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டம் அவசியம். அருகில் புகை பிடிக்கக் கூடாது.

ஆனால் இந்திய அடுக்ககங்களின் வாகன நிறுத்தங்களில் பெரும்பாலும் பிளக் பாயின்ட் இருப்பதில்லை. அங்கு செலவே இல்லாத வழி, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலுள்ள இணைப்பைக் கழற்றி வைப்பது. கழற்றும்போது நெகட்டிவ் முனையையே முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதை இறுதியாக மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்பேனர் காரின் உலோக உடலில் பட்டு மின்பொறி பறக்கும் அபாயம் உண்டு. இணைப்பைக் கழற்றியபின் அலாரமும் ரிமோட் பூட்டும் இயங்கா. எனவே ரிமோட்டுக்குள் செருகப்பட்டிருக்கும் உலோகச் சாவி கைவசம் இருப்பதையும், அதனால் ஓட்டுநர் கதவு திறப்பதையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது. கடிகாரத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டியிருக்கும். சில கார்களில் ரேடியோ ரகசிய எண்ணைக் கேட்கும். அவசரத்துக்கு உடனே எடுக்க வேண்டிய காருக்கு இந்த முறை ஒவ்வாது. பல வாரங்கள் வெளியூர் செல்வோருக்கே உகந்தது.

கண்ணாடியின் உட்புறம் வைக்கும் சிறு சூரிய மின்தகடுகளும் கிடைக்கின்றன. வெயில் படும் இடத்தில் நிற்கும் காருக்கு 5 முதல் 10 வாட் தகடு மறைமுகச் செலவை ஈடுகட்டும். எனினும் பல கார்களில் சாவியை எடுத்ததும் சிகரெட் லைட்டர் துளைக்கு மின் தொடர்பு அறுந்துவிடும். அவற்றில் தகட்டை நேரடியாக பேட்டரியில் இணைத்தால்தான் பயன்.

எவ்வளவு மிச்சம் உள்ளது?

ஹார்ன் ஒலிக்கிறது, விளக்கு எரிகிறது என்பதை வைத்து பேட்டரி நலமாக உள்ளது என்று முடிவு செய்ய இயலாது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். கார் சில மணி நேரம் ஓய்ந்து நின்றபின் அளந்தால், 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு மின்னூட்டம், 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏறத்தாழ காலி. 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் காட்டுகிறதே என்று திருப்தியடைவோர் பலர் என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக இயங்குகிறது எனக் கொள்ளலாம்.

லடாக் போன்ற பகுதிகளில் மின்னூட்டம் குறைந்த பேட்டரி உறைந்தே போகலாம். முழு மின்னூட்டத்தில் உள்ள அமிலக் கரைசல் அங்குள்ள குளிரைத் தாங்கும். காலியான பேட்டரியின் கரைசல் ஏறக்குறைய தண்ணீரைப் போலாகிவிடுவதால், பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து உறையைப் பிளக்கும். உறைந்த பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது.

மின்சாரக் கார் வைத்திருப்போரும் இதிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர். கதவு, திரை, கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றை இயக்க அவற்றிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது காலியானால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் கார் நகராது. நீண்ட நாள் நிறுத்தும்போது செய்ய வேண்டியவை மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், உரிமையாளர் கையேட்டைப் பார்ப்பதே சரி.

மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பழைய பேட்டரியைக் கடையிலேயே ஒப்படைத்து விலையில் கழிவு பெறலாம். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன. தெருவில் வரும் பழைய பொருள் வியாபாரியிடம் போட்டால், அமிலம் சாக்கடைக்கும் ஈயம் திறந்தவெளி உலைக்கும் போய்ச் சேரக்கூடும்.