தொப்புளைச் சுற்றி 14 ஊசி

சின்ன வயதில் அப்பாவை நாய் கடித்தபோது, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம். ஆச்சி இன்றும் சொல்லுவாள். அந்த மருந்தை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா நண்பர்களே? ஆட்டு மூளையிலிருந்து!

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் கண்டுபிடித்த முறை அது. ஆட்டு மூளைக்குள் வெறிநோய்க் கிருமியை ஏற்றி, நோய் முற்றியதும் கொன்று, மூளையைக் கரைத்து, பீனால் கலந்து கிருமியைச் சாகடிப்பார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இதேதான். அப்பா பிழைத்தார், அதனால்தான் நான் இருக்கிறேன். வெறும் கொடுமை என்று எழுத மனம் வரவில்லை.

ஆனால் அந்த மருந்தால் சிலருக்குக் கைகால் வாதமும் வந்தது. ஆய்வகச் செல்களில் தயாரிக்கும் தடுப்பூசி வந்ததும், 1980-களிலேயே உலக சுகாதார நிறுவனம் இதைக் கைவிடச் சொன்னது. நாம் விட்டது 2004-இல். காரணம் விலை. காமர்ஸ் படிக்கிற எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. ஆடுகளை அதில் எங்கே வரவு வைத்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

இப்போது நாலைந்து ஊசி, அதுவும் கையில். ஆச்சி நம்பவே மாட்டேன் என்கிறாள்.